பட்டினி கிடந்தாலும் சர்க்கரை ஏறும்: பெரிய ஆபரேஷன் செய்துகொள்ளும் நீரிழிவுக்காரர்களுக்கு

"ராத்திரியிலிருந்து ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் எதுக்கு டாக்டர் இன்சுலின் ஊசி?" ஆபரேஷனுக்கு முந்தின நாள் நோயாளியின் வீட்டார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவராக நான் மேசையில் பார்ப்பது வேறு. பல மணி நேரமாகச் சாப்பிடாத ஒருவருக்கு, அறுவை சிகிச்சை பாதி நடக்கும்போது சர்க்கரை 250-ஐத் தாண்டி நிற்கும்.

வயிற்றையோ நெஞ்சையோ திறப்பதை உடம்பு பெரிய காயமாகவே எடுத்துக்கொள்கிறது. மயக்கத்தில் நமக்கு வலி தெரியாது, உடம்புக்குத் தெரியும். அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் எல்லாம் ஒரே நேரத்தில் ஏறுகின்றன. கல்லீரல் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது, தசைப் புரதத்தை எடுத்துப் புதிதாகவும் தயாரிக்கிறது. இதே ஹார்மோன்கள் இன்சுலினையும் சரியாக வேலை செய்ய விடுவதில்லை. அதனால்தான் இதுவரை நீரிழிவே இல்லாதவருக்கும் பெரிய ஆபரேஷனின்போது சர்க்கரை ஏறலாம். வாந்தி வராமல் இருக்க நாங்கள் போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றும்.

ஏறினால் என்ன? சுமார் 180-ஐத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் இறங்கத் தொடங்கும், கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகும். கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது, காயம் ஆறத் தாமதமாவது, ஐ.சி.யூ-வில் நாட்கள் கூடுவது எல்லாம் இதைத் தொட்டு வருபவைதான்.

அப்படியென்றால் 90, 100-க்கே இறக்கி வைத்துவிடலாமே என்று தோன்றும். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் அப்படித்தான் நினைத்தது. 2001-ல் பெல்ஜியத்தின் லூவன் நகரில் அறுவை சிகிச்சை ஐ.சி.யூ-வில் நடந்த ஆய்வில், சர்க்கரையை 80-க்கும் 110-க்கும் இடையில் இறுக்கிப் பிடித்ததால் இறப்பு குறைந்தது. பல இடங்களில் அதையே பின்பற்ற ஆரம்பித்தார்கள். ஆனால் 2009-ல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு, 6,000-க்கும் மேற்பட்ட ஐ.சி.யூ நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அப்படி இறுக்கிப் பிடித்தவர்களிடம்தான் இறப்பு அதிகம் என்று சொன்னது. சர்க்கரை அபாயமாக இறங்குவதும் அவர்களுக்கே பல மடங்கு அதிகமாக இருந்தது. இப்போது பெரும்பாலோருக்கு 100-லிருந்து 180-க்குள் வைத்தால் போதும் என்பதே பொதுவான வழிகாட்டுதல். இது சரியான முடிவு என்றே நானும் கருதுகிறேன். விழித்திருப்பவருக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், வாய்விட்டுச் சொல்வார். மயக்கத்தில் இருப்பவர் என்ன சொல்வார்? மணிக்கொரு தடவையோ இரண்டு மணிக்கொரு தடவையோ நாங்கள் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு. அதிலும் ரத்த அழுத்தம் குறைந்து விரல் சில்லிட்டுக் கிடக்கும்போது, விரல் நுனியில் குத்தி எடுக்கும் அளவை நம்ப முடியாது. அப்போது தமனியிலிருந்து எடுத்த ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் முதலில் பார்ப்பது, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷன் என்றால் அது 8 சதவீதத்துக்குக் கீழே வரட்டும் என்று காத்திருப்பது நல்லது. உயிர் காக்கும் அவசர ஆபரேஷனுக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியவர்களுக்கும் இந்த எண் உண்மையைக் காட்டாமல் போகலாம்.

மாத்திரைகளில்தான் குழப்பம் அதிகம். பொதுவாகச் சர்க்கரை மாத்திரைகளை ஆபரேஷன் அன்று காலையில் நிறுத்தினால் போதும். ஆனால் டாபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்று பெயர் 'க்லிஃப்ளோசின்' என்று முடிகிற மாத்திரைகளை 3 நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், எர்டுக்லிஃப்ளோசின் என்றால் 4 நாட்கள். நிறுத்தாமல் பட்டினி கிடந்தால் கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் சேரும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், மீட்டரில் சர்க்கரை 160 என்றுதான் காட்டும். வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு என்று நோயாளி திணறிக்கொண்டிருக்க, சுகர் நன்றாகத்தானே இருக்கிறது என்று எல்லோரும் வேறு எங்கோ காரணம் தேடுவார்கள். இதய நோய்க்காகவும் சிறுநீரகத்துக்காகவும் இதே மாத்திரையைக் கொடுக்கிறார்கள். ஆகவே "எனக்குச் சுகர் இல்லை" என்பவரும் தன் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். எடை குறையவோ சர்க்கரைக்கோ வாரம் ஒருமுறை ஊசி போடுகிறவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள். அந்த மருந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு, நாள் முழுக்க வேலை செய்யும் நீண்டநேர இன்சுலினில் வழக்கமான அளவில் 75 முதல் 80 சதவீதம் மட்டும், நடுத்தர நேரம் வேலை செய்யும் என்பிஹெச் வகையில் பாதி மட்டும் என்று பொதுவாகப் போடுவோம். எவ்வளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம். உடம்பில் இன்சுலின் சுரப்பதே ஏறக்குறைய நின்றுபோன டைப் 1 நீரிழிவு என்றால், நாள் முழுக்க வேலை செய்யும் அந்த அடிப்படை இன்சுலினை ஒரு நாளும் முழுதாக நிறுத்தக் கூடாது. பட்டினி நாளிலும்தான்.

ஆபரேஷன் முடிந்தபின் வார்டில் நடக்கும் ஒரு பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. சர்க்கரை 200-ஐத் தாண்டினால் இத்தனை யூனிட், 250-ஐத் தாண்டினால் இத்தனை என்று ஒரு அட்டவணையை மட்டும் ஒட்டிவிட்டுப் போய்விடுவது. ஏறின பிறகே மருந்து, ஏறாமல் இருக்க ஒன்றுமில்லை. அடிப்படை இன்சுலினும் சாப்பாட்டு நேர இன்சுலினும் சேர்ந்த முறைதான் நல்லது. நரம்பு வழியாக ஓடும் இன்சுலினை நிறுத்தும்போதும் கவனம் தேவை. அது சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். அதனால் தோலுக்கடியில் நீண்டநேர ஊசி போட்டு 2 மணி நேரமாவது ஆன பிறகுதான் டிரிப்ஸை நிறுத்த வேண்டும்.

கூட இருப்பவர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. சாப்பாட்டு நேர ஊசி போட வரும்போது சாப்பாடு கைக்கு வந்துவிட்டதா என்று பாருங்கள். குமட்டலால் அவர் சாப்பிட மறுத்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போகும் நாளில், எந்த மாத்திரையை எப்போது திரும்பத் தொடங்குவது, இன்சுலின் அளவு பழையதா புதியதா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காயம் ஆற ஆற இன்சுலின் தேவை குறைந்துகொண்டே வரும். ஆஸ்பத்திரியில் போட்ட அளவையே வீட்டிலும் போட்டால் சர்க்கரை இறங்கிவிடலாம். முதல் இரண்டு வாரம் வீட்டில் பார்த்த அளவுகளைக் குறித்துவைத்து, தையல் பிரிக்க வரும்போது கொண்டுவாருங்கள்.