கண்ணாடியில் வரும் மனசாட்சி

"ஏதோ பெரிய தப்பு பண்ணியிருக்கான் டாக்டர். நீங்க கேட்டா சொல்லிடுவான்." மனநல ஓபியில் இந்தப் பேச்சு கேட்காத வாரம் இல்லை. எங்கே கற்றார்கள் என்று தேடவே வேண்டாம், சினிமாவில்தான். நாயகன் கண்ணாடி முன் நிற்பான், உள்ளிருந்து மனசாட்சி காறித் துப்பும், அம்மா காலில் விழுந்து எல்லாவற்றையும் கொட்டுவான், அடுத்த காட்சியில் மழை விட்டிருக்கும்.

திரையில் குற்ற உணர்ச்சிக்குப் பின்னால் ஒரு குற்றம் இருந்தே தீரும். கதைக்கு அது வேண்டும், நோய்க்கு வேண்டியதில்லை. மனச்சோர்வைக் கண்டறிய டிஎஸ்எம்-5 (மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் நோயறிதல் கையேடு) பட்டியலிடும் 9 அறிகுறிகளில் அளவுமீறிய குற்ற உணர்ச்சியும் ஒன்று. பள்ளியில் பென்சில் எடுத்தது 30 வருடம் கழித்து மகாபாவமாகத் தெரியும். முற்றினால், "என்னாலதான் ஊர்ல மழையில்ல" என்பார்கள். இவர்களிடம் போய் "என்ன பண்ணின, சொல்லு" என்று தோண்டினால், அது தீர்ப்பாகத்தான் காதில் விழும். (நிஜமாகவே தவறு செய்தவர்களும் வருவார்கள். அது வேறு பேச்சு.)

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கச் செய்ததையே திரும்பச் செய்வதுமாக ஓடும் ஓசிடி நோயில் நேர் எதிர். குழந்தைக்குத் தீங்கு செய்துவிடுவோமோ என்று தாய்க்கு வேண்டாத எண்ணம் வரும். பதறிப்போய்க் கணவரிடம் சொல்வார். "நீ அப்படிச் செய்யவே மாட்டே" என்பார் அவர். கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, "முழுசா சொல்லலையோ?" மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு ஆறுதலும் அந்தச் செக்கை இன்னொரு சுற்று ஓட்டும். சொல்லியே ஆகவேண்டும் என்ற உந்துதலைத் தாங்கிப் பழகுவதுதான் இங்கே சிகிச்சை, சிகிச்சையாளர் துணையோடு. இதற்கு மாத்திரையும் உண்டு, அதன் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். பத்தாம் நாள் "கேக்கல" என்று நிறுத்திவிட்டு வராதீர்கள்.

மனசாட்சி பேசுவதாகச் சினிமாவில் வரும் எதிரொலி போட்ட பின்னணிக் குரலையும் நம்பாதீர்கள். மனப்பேச்சு தலைக்குள், நம் பேச்சாகவே ஓடும். யாரோ வெளியிலிருந்து பேசுவதாகக் கேட்டால் அது மனசாட்சி அல்ல. அந்தக் குரல் கட்டளையிட்டால் அன்றே அழைத்து வாருங்கள்.

அப்புறம் அந்தத் தாடி வைத்த நாயகன், தனியாக மலையேறித் தெளிந்து இறங்குகிறவன். அவனைப் பார்த்து "தனியா விடுங்க, சரியாயிடுவான்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து. உள்தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் கூடவே இருங்கள், மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. நள்ளிரவிலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.