இருதுருவ மனநோயும் காந்தத் தூண்டல் சிகிச்சையும்

காந்தத் தூண்டல் சிகிச்சையைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வரும் குடும்பத்தினர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இதைச் செய்துகொண்டால் லித்தியத்தை நிறுத்திவிடலாமா, டாக்டர்?" என்பதுதான். நிறுத்தக் கூடாது. மனச்சோர்வும் மன எழுச்சியும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயில் இந்தச் சிகிச்சை மனச்சோர்வுக் கட்டத்திற்கே முக்கியமாகக் கருதப்படுகிறது. மட்டுமீறிய உற்சாகமான அந்த மன எழுச்சி மீண்டும் வராமல் காப்பது லித்தியம் போன்ற மனநிலைச் சீராக்கி மருந்துகளின் வேலை.

1985-இல் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கிய இம்முறையில், தலையின்மேல் வைக்கப்படும் கம்பிச்சுருளில் கணநேரம் பாயும் மின்சாரம் வலிமையான காந்தப்புலத்தை எழுப்ப, அது மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து, சில சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள நரம்பணுக்களைத் தூண்டுகிறது. மயக்க மருந்து தேவையில்லை. மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் இடது முன்மூளையின் மேற்பக்கவாட்டுப் பகுதியே தூண்டப்படுகிறது. வாரத்தில் ஐந்து நாள் வீதம் நான்கு முதல் ஆறு வாரங்கள் வர வேண்டியிருக்கும். பலருக்குத் தலைவலியோ தூண்டிய இடத்தில் வலியோ வந்து சில நாட்களில் தணியும். வலிப்பு மிக அரிது. எனினும் தூக்கமின்மையும் மதுவும் அந்த அபாயத்தைக் கூட்டும் என்பதால், முந்தைய இரவு எப்படிக் கழிந்தது என்று ஒவ்வொரு அமர்வுக்கு முன்பும் கேட்கிறோம். தலைக்குள் உலோகக் கிளிப்போ, காதில் கேட்க உதவும் காக்ளியர் கருவியோ பொருத்தப்பட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பயன் எவ்வளவு என்பதை மிகைப்படுத்தாமல் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2008-இல் அளித்த அனுமதி, மருந்தால் குணம் காணாத, எழுச்சிக் கட்டம் இல்லாத ஒருதுருவ மனச்சோர்வுக்கானது. இருதுருவ மனச்சோர்வுக்கென 2020-இல் ஒரு கருவிக்கு அது அளித்தது பரிசீலனையை விரைவுபடுத்தும் தகுதி மட்டுமே. பலர் இதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சில ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. 2021-இல் வெளியான ஓர் ஆய்விலோ, காந்தத் துடிப்புகளைக் கொத்துக் கொத்தாகச் செலுத்திச் சில நிமிடங்களில் முடியும் தீட்டா அதிர்வு முறை, ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யப்படும் போலிச் சிகிச்சையைவிடக் கூடுதல் பயன் தரவில்லை. ஆகவே, மருந்துகளால் தேறாத நோயாளிக்கு இதை ஒரு நியாயமான முயற்சியாகப் பரிந்துரைப்பேனே தவிர, உறுதியான தீர்வு என்று எவருக்கும் சொல்ல மாட்டேன்.

சிகிச்சையின்போது மனச்சோர்விலிருந்து எழுச்சிக்குத் தாவிவிடுவது அரிதே. ஆனாலும் சீராக்கி மருந்து இல்லாமல் இதைத் தொடங்குவது எனக்கு உடன்பாடில்லை. நோயாளி நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை என்றாலோ, பேச்சு வேகமெடுத்தாலோ, திடீரெனப் பெரிய செலவுகளில் இறங்கினாலோ, வீட்டிலுள்ளவர்கள் அன்றே தெரிவிக்க வேண்டும். அது குணமடைவதன் அடையாளமாக அவர்களுக்குத் தோன்றக்கூடும். மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழாதவர் உற்சாகமாக நடமாடுவதைப் பார்க்கும்போது அப்படித் தோன்றுவது இயல்புதான்.

தற்கொலை எண்ணம் தீவிரமாக உள்ளவருக்கு, பலன் தெரிய வாரங்கள் பிடிக்கும் இந்தச் சிகிச்சையை நம்பிக் காத்திருக்க முடியாது. அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அந்த நிலையில், மயக்க மருந்து கொடுத்து, மூளையில் சிறிதளவு மின்சாரம் செலுத்திச் செய்யப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை விரைவாகப் பலன் தரும்.