வராந்தா என்னும் தாழ்வாரம்

வீட்டின் முன்பக்கம் ஒரு வராந்தா எடுக்க வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னேன். அறுபது வயதைத் தாண்டியவர். சுவரை அண்ணாந்து பார்த்தார், தரையைப் பார்த்தார், "தாவாரம் இறக்க வேண்டும், அவ்வளவுதானே?" என்று கேட்டார். நான் கேட்டது உட்காரும் இடம். அவர் மனத்தில் உடனே கூரை வந்துவிட்டது: எந்த உயரத்தில் தொடங்குவது, எவ்வளவு தாழ்த்துவது, தண்ணீர் எங்கே போய் விழும் என்பது உட்பட. தாவாரம் என்பது தாழ்வாரத்தின் பேச்சு வடிவம். அன்று இரவே வராந்தா, தாழ்வாரம் என்ற இரண்டு சொற்களையும் பற்றித் தேடத் தொடங்கினேன்.

வராந்தா போர்த்துக்கேசியரோடு கப்பலில் வந்த சொல். அவர்கள் மொழியில் 'வரண்டா'. இந்தியில் 'பராம்தா' என்று இருப்பதால், வெளியே நீண்டு வருவது என்ற பொருளுடைய பாரசீகச் சொல்லிலிருந்து பிறந்தது என்று சிலர் விளக்கினார்கள். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களின் அகராதி அதை ஏற்கவில்லை. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வாஸ்கோ ட காமா 1498-இல் கள்ளிக்கோட்டைக்கு வந்ததைப் பதிந்த போர்த்துக்கேசியக் குறிப்பிலேயே இந்தச் சொல் இருப்பதை அந்த அகராதி எடுத்துக்காட்டுகிறது. இங்கே காலடி வைத்தவுடன் எழுதிய குறிப்பில் இருக்கிறதென்றால், அது அவர்கள் கையோடு கொண்டுவந்த சொல்லாகத்தான் இருக்க வேண்டும். ஸ்பானிய மொழியில் 'பரண்டா' என்றால் கைப்பிடிக் கிராதி. அதுவும் இதற்கு உறவு.

ஜன்னல், சாவி, அலமாரி, கட்டடம் கட்டும் மேஸ்திரி எல்லாமே போர்த்துக்கேசியம் தந்தவைதான். யாழ்ப்பாணத்தில் இதே சொல் 'விறாந்தை' ஆகிவிட்டது. வல்லின றகரமும் ஐகார ஈறும் சேர்ந்து, பிறந்ததிலிருந்தே தமிழாக இருந்தது போன்ற தோற்றம். எனக்கு அந்த வடிவத்தின் மேல் தனிப் பிரியம் உண்டு. இப்படிப் பழகிவிட்ட சொல்லைத் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் பலர் யோசிக்காமல் 'திண்ணை' என்கிறார்கள், சிலர் 'முன்றில்' என்கிறார்கள். இரண்டும் பொருந்தவில்லை.

முன்றில் மிகப் பழைய சொல். இல்லத்தின் முன் என்னும் 'இல்முன்' முன்பின்னாக மாறி, நடுவில் ஒரு றகர ஒற்றும் ஏறி 'முன்றில்' ஆனது. இந்த ஒரு சொல்லுக்காகவே தொல்காப்பியம் தனி நூற்பா வைத்திருக்கிறது. அது என்ன இடம் என்று அறியக் குறுந்தொகையின் 46-ஆம் பாட்டு ஒன்றே போதும். வீட்டில் வாழும் குருவி 'முன்றில் உணங்கல் மாந்தி' மன்றத்தின் எருத்தூளில் குடைந்தாடி, பிறகு 'இல்லிறைப் பள்ளி'யில் தன் குஞ்சுகளோடு தங்குகிறது. உணங்கல் என்பது காயவைத்த தானியம். தானியம் காய வேண்டுமானால் வெயில் விழ வேண்டும். ஆக முன்றில் கூரையில்லாத வாசல்வெளி. குருவி கூடு கட்டியிருக்கும் 'இறை'தான் கூரையின் தாழ்ந்த விளிம்பு. வெயில்படும் இடத்துக்கு ஒரு சொல், கூரை விளிம்புக்கு இன்னொரு சொல் என்று நான்கே அடிக்குள் இரண்டும் பிரிந்து நிற்கின்றன. வராந்தா இந்த இரண்டில் இறையின் பக்கம் சேர்ந்தது. மலையாளத்தில் இன்றும் வராந்தாவுக்கு 'இறயம்' என்ற பெயர் வழங்குகிறது.

திண்ணை என்பது மேடை. 'திண்' என்ற அடியோடு, அதாவது உறுதியோடு, சேர்த்து அதற்குப் பொருள் சொல்வார்கள். வாசற்படிக்கு இரு பக்கமும் இடுப்பளவோ முழங்காலளவோ எழுப்பி, ஓரத்தில் தலைவைத்துப் படுக்கச் சாய்வாக ஒரு கட்டும் வைத்திருப்பார்கள். வழிப்போக்கர் படுத்தது அங்கே. பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகியதும் அங்கேதான் என்பதால் திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயர் வந்தது. ஆனால் திண்ணை வராந்தாவுக்குள் இருக்கும் ஓர் உறுப்பு. திண்ணை இல்லாமலும் வராந்தா இருக்கலாம்.

திண்ணையை ஒட்டி ஆள் நடக்க விட்ட ஒடுங்கிய வழி ஆளோடி. வாசற்கதவைத் தாண்டி உள்ளே போகும் நடை இடைகழி. அது பேச்சில் தேய்ந்து ரேழி ஆயிற்று. திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இத்தகைய இடைகழியில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று அதன் அகலத்தையே அந்தக் கதை அளந்து தருகிறது.

மீதமிருப்பது தாழ்வாரம். அடிவாரத்தில் வரும் அதே வாரம், சரிவு என்ற பொருளில். தாழ்ந்து இறங்கும் கூரைச்சரிவும் அதன் கீழ் உள்ள நடைபாதையும் ஒரே பெயரில் அடங்கின. செட்டிநாட்டு வீட்டில் முற்றத்தைச் சுற்றி நாலுபுறமும் ஓடுவது தாழ்வாரம், வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டி இறக்கினாலும் தாழ்வாரம். கூரை உண்டு, பக்கம் திறந்திருக்கும், வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கும் என்று வராந்தாவுக்குரிய மூன்றும் இதில் இருக்கின்றன. சரியான தமிழ் இதுதான். சிறிய அளவில் ஒருபக்கச் சரிவாக இறக்குவதைச் சாய்ப்பு என்றும் சொல்கிறோம்.

இப்போது புதுவீடுகளில் கேட்கும் போர்டிகோ, லத்தீனிலிருந்து இத்தாலிய மொழி வழியாக வந்தது. கார் நிற்கும் அந்த இடத்துக்கு முகப்பு என்பது போதும். மேலைநாட்டு வீடுகளில் கூரையில்லாமல் பலகை பாவும் 'டெக்', டச்சு மொழியில் மூடி என்ற பொருளில் தொடங்கிக் கப்பலின் தளமாகி வீட்டுக்கு வந்த சொல். அதை மரத்தளம் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பெயரில் இவ்வளவு ஊன்றி நிற்கக் காரணம் உண்டு. நான் அந்தப் பெரியவரின் பேச்சைக் கேட்காமல் முதலில் வேறொருவரிடம் தட்டையான கான்கிரீட் பலகையாகவே போட்டேன். வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் பலகை சுவரைத் தொடும் மூலையில் ஈரம் கோத்தது, உள்ளறைச் சுண்ணாம்பு உப்பிக்கொண்டு வந்தது. சாரல் நேராகத் தரைக்கு வந்து, வாசற்படியோரம் தேங்கி நின்றது. மறு ஆண்டு அதை உடைத்துவிட்டுப் பெரியவரையே அழைத்தேன்.

அவர் செய்தவை எளியவை. புதுத் தூண்களுக்குப் பழைய சுவரின் அஸ்திவாரம் நின்ற கெட்டிமண் வரை தோண்டினார். மேலாகவே நிறுத்தினால் தூண் தனியே அமர்ந்து இணைப்பில் வெடிப்பு விடும் என்றார். மரத்தூணின் அடி மண்ணில் படாமல் கருங்கல்லின் மேல் நிறுத்தினார், கரையானும் ஈரமும் ஏறாதபடி. சரிவின் மேல்விளிம்பைச் சுவரில் காடி வெட்டி உள்ளே செருகிப் பூசினார். தரைக்கு அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் கொடுத்தார். எட்டடி அகலத்துக்கு இரண்டு அங்குல இறக்கம். நிற்கும்போது தெரியவே தெரியாது, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் தெரியும். ஓட்டின் விளிம்பைத் தரையின் விளிம்புக்கு ஒன்றரை அடி வெளியே நீட்டினார். நிமிர்ந்து போனால் தலை இடிக்குமோ என்று நான் தயங்கியபோது, தாழ்ந்தால்தான் தாவாரம் என்றார்.

இந்த ஐப்பசியில் மழை விட்ட பிறகு வெளியே போய்ப் பார்த்தேன். ஓட்டு வரிசைக்கு நேர் கீழே மணலில், சாண் இடைவெளியில், கட்டைவிரல் நுழையும் அளவுக்குச் சொட்டுக் குழிகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன. தரையின் விளிம்பு, அந்தக் கோட்டுக்கு உட்புறம், காய்ந்து கிடந்தது.