வேப்பமரத்தடி வண்டியும் ஊட்டி உறைபனியும்

தை மாதத்துக் காலையில், கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் இரண்டு வண்டிகளைத் தொட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். வெட்டவெளியில் நிறுத்திய வண்டியின் சீட்டு நனைந்து கிடக்கும். துடைத்த துணியைப் பிழிந்தால் சொட்டும். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் ஈரமே இருக்காது. மரம் பனியைத் தடுத்துவிட்டது என்போம். ஆனால் தடுப்பதற்கு மேலிருந்து எதுவும் விழுவதில்லை. 'பனி பெய்கிறது' என்பது நம் பேச்சு வழக்கு, அவ்வளவுதான்.

நடப்பது வேறு. சீட்டு காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. அதை ஒட்டியுள்ள காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. சீட்டு ஏன் அப்படிக் குளிர வேண்டும்? எந்தப் பொருளும் தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லாத இரவில் அந்தக் கதிர் வானத்துக்குப் போய்விடும், திரும்பி வருவது கொஞ்சம்தான். வேப்பமரத்தடியில் நிலைமை வேறு. தலைக்கு மேலிருக்கும் இலைகளும் வெப்பத்தை விடுகின்றன. வண்டி கொடுப்பதும் வாங்குவதும் ஏறத்தாழச் சரியாகிவிடுகிறது.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று பெரியவர்கள் சொன்னதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, மேகம் கலைந்து, காற்றும் அடங்கி, இரவு நீண்டு கிடக்கும் காலம் அது.

இனி மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுவோம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று மெல்லியது, அதில் ஈரமும் குறைவு. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் போர்வை இன்னும் இளைத்துவிடுகிறது. போதாததற்குக் குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம் என்று பத்திரிகையில் ஆண்டுதோறும் அதே பெயர்கள் வருவது இதனால்தான். தலை உயரத்தில் வெப்பமானி மூன்று நான்கு டிகிரி காட்டும்போதே, கீழே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். நம் வாசலில் நீராகப் படிந்தது அங்கே பனிக்கட்டித் துகளாகப் படிகிறது. அதுதான் உறைபனி.

சுற்றுலா போகிறவர்கள் அதைக் கார் கண்ணாடியில் சுரண்டிப் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது நீலகிரியின் அவலாஞ்சி, முக்குருத்திப் பக்கத்து மலைகளை. முழுக்கப் புல், மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குட்டை மரக்காடு. அதைத்தான் சோலை என்கிறோம். மொட்டையடித்த தலையில் காதோரம் மட்டும் முடி விட்டது போல இருக்கும். காடும் புல்லும் சேரும் இடம் அரிவாளால் வெட்டியது போல ஒரே கோடு. ஒரு காலைப் புல்லில் வைத்து மறு காலைக் காட்டுக்குள் வைக்கலாம். இத்தனை மழை பெய்யும் இடத்தில் சோலை ஏன் மலை முழுக்கப் பரவவில்லை?

வேப்பமரத்தடியை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். சோலைக்குள் விழுந்த விதைக்கு மேலே இலைக்கூரை இருக்கிறது, அந்தத் தரை உறைவதில்லை. பத்தடி வெளியே புல்லில் விழுந்த விதை முளைத்தாலும், முதல் தை மாதம் அதற்குக் கண்டம். உறைபனியில் முதலில் செல்லுக்கு வெளியே உள்ள நீர் உறையும். அது உள்ளே இருக்கும் நீரையும் உறிஞ்சி இழுக்கும். செல் வற்றிச் சவ்வு கிழியும். அப்புறம் வருகிற காலை வெயில் இன்னும் மோசம். விறைத்துப் போன இலையால் ஒளியைப் பயன்படுத்த முடியாது. வாங்கிய ஒளியே அதைச் சுட்டுவிடும். ஊட்டியில் காய்கறி போடுகிறவர்கள் விடியும் முன் செடிக்குத் தண்ணீர் தெளிப்பது இந்த வெயிலுக்குப் பயந்துதான். புல்லுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் குருத்து மண்ணோடு ஒட்டிக் கிடக்கிறது. மேலே கருகினாலும் கோடை மழைக்குத் துளிர்த்துவிடும்.

உறைபனி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். தீ, மேய்ச்சல், மண்ணின் ஆழம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனால் இது மனிதன் காட்டை அழித்து உண்டாக்கிய புல்வெளி என்ற பழைய வாதம் நிற்கவில்லை. நீலகிரிச் சேற்று நிலங்களில் மக்கி அடுக்கடுக்காகக் கிடக்கும் தாவரப் படிவுகளை ஆராய்ந்து 1993-இல் ஒரு கட்டுரை வந்தது. மரமும் வெப்பமண்டலப் புல்லும் காற்றிலிருந்து கரியை (கார்பனை) எடுத்துச் சேர்க்கும் வழி வேறு. மக்கிய பிறகும் அந்த அடையாளம் மறையாது. 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் இருந்தது என்று அது காட்டியது.

வெள்ளைக்காரனுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசு. ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் 19-ஆம் நூற்றாண்டில் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சளைக்கவில்லை: தோல் பதனிடப் பட்டை, செயற்கை இழைக்கு மரக்கூழ் என்று மலைமலையாக நட்டோம். அந்தக் கூழில் நூலிழை செய்த ஆலை நம் சிறுமுகையில், பவானிக் கரையில்தான் இருந்தது. சோலை மரங்கள் அஞ்சும் உறைபனிக்குச் சீகை அஞ்சுவதில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சோலையைத் தடுத்து நின்ற காவல்காரன் இதனிடம் தோற்றுவிட்டான்.

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பவானி பிறப்பது அந்தப் புல்வெளியில். அங்கிருந்து கேரளத்துக்குள் போய், முக்காலி என்ற ஊரில் திரும்பி, பில்லூர் அணைக்கு வருகிறது. கோயம்புத்தூரின் குடிநீரில் ஒரு பங்கு அது. மிச்சம் பவானிசாகர், கொடிவேரி, எங்கள் வயல். ஊட்டிப் பக்கம் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்து, ஒன்றைப் புல்லாக விட்டு, மற்றதில் கற்பூர மரம் நட்டுப் பல ஆண்டுகள் அளந்தார்கள். முதல் சுற்று மரத்தில் ஓடைநீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டியபின் தழைத்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 விழுக்காடு. 'மரம் நட்டால் தண்ணீர்' என்று பள்ளியில் படித்தோமே, அந்த மலையில் அது பொருந்தாது.

வரையாடும் இந்தப் புல்லை நம்பித்தான் இருக்கிறது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 வரையாடுகள். முக்குருத்தியும், வால்பாறைக்கு மேலே நம் கோவை மாவட்டத்துக் கிராஸ்ஹில்ஸும் அதன் முக்கியமான இருப்பிடங்கள்.

இப்போது சீகையை வெட்டிப் புல்லை மீட்கப் பார்க்கிறார்கள். வெட்டுவது எளிது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரம் போய் வெயில் பட்டதும் கீரைப் பாத்தி போல முளைக்கும். முழங்கால் உயரம் வருவதற்குள் கையால் பிடுங்க வேண்டும். மறு ஆண்டும், அதற்கு மறு ஆண்டும். உறைபனி படிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்தச் சரிவில் குனிந்து பார்த்தால் போதும். சோலையிலிருந்து வந்த நாற்று கருகித் தொங்கும். பக்கத்திலேயே சீகை நாற்று பச்சையாக நிற்கும்.