சிங்கத்தின் மூக்கில் எழுதியிருக்கும் வயது

மாட்டுச் சந்தையில் காளை வாங்கப் போகிறவர் முதலில் அதன் வாயைத் திறந்து பார்ப்பார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று ஒரே பார்வையில் வயதைச் சொல்லிவிடுவார். ஆப்பிரிக்காவில் சிங்க வேட்டைக்கு வழிகாட்டியாகப் போகிறவருக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆனால் அவர் பார்க்கும் விலங்கு தூரத்தில் நிற்கும். வாயைத் திறந்து காட்டாது. பல்லைத் தொட்டுப் பார்க்க முடிகிற நேரத்தில் அது செத்திருக்கும். கணித்த வயது தப்பு என்று அப்போது தெரிந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

தான்சானியா, மொசாம்பிக், ஜிம்பாப்வே போன்ற நாடுகளில் அரசு அனுமதியோடு இந்த வேட்டை நடக்கிறது. வெளிநாட்டுக்காரர் பல்லாயிரம் டாலர் கட்டிவிட்டு வருவார், ஒரு சிங்கத்தைச் சுடுவார், தலையையும் தோலையும் ஊருக்குக் கொண்டுபோவார். இதை இனத்துக்குச் சேதமில்லாமல் செய்ய முடியுமா? எத்தனை சிங்கம் சுடலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். எந்தச் சிங்கம் என்று கேட்டது உயிரியல்.

ஆண் சிங்கத்தின் வாழ்க்கையைப் பார்த்தால் இது புரியும். இரண்டரை, மூன்று வயதானதும் பிறந்த கூட்டத்தை விட்டு அது வெளியேற வேண்டியதுதான். அண்ணன் தம்பிகளோ வழியில் சேர்ந்த வேறு ஆண்களோ இரண்டு மூன்றாகக் கூட்டணி சேர்ந்து நாடோடியாகத் திரியும். (நம்மூர்க் கூட்டணிகளைவிட இவை உறுதியானவை.) நாலைந்து வயதில் உடம்பு முற்றியதும், ஏதாவது ஒரு கூட்டத்தின் ஆண்களை விரட்டிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். பிடித்ததும் செய்யும் முதல் காரியம், முந்தைய ஆண்களுக்குப் பிறந்த சின்னக் குட்டிகளைக் கொல்வது. சற்று வளர்ந்தவற்றைத் துரத்திவிடும். பாலூட்டும் தாய் மறுபடி இணைசேராது. குட்டி செத்துவிட்டால் சீக்கிரமே தயாராகிவிடும். புது ஆணுக்குக் காத்திருக்க நேரமில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதையும் விரட்ட வேறொரு கூட்டணி வந்துவிடும்.

இப்போது கணக்குப் போடலாம். சூல் காலம் சுமார் மூன்றரை மாதம். குட்டி ஓரளவு தேறிப் பிழைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டு. நாலு வயதில் கூட்டத்தைப் பிடித்த ஆண், தன் முதல் ஈற்றுக் குட்டிகள் தேறுவதைப் பார்க்கும்போது அதற்கு வயது ஆறைத் தாண்டியிருக்கும். நாலரை வயதில் அதைச் சுட்டால் என்ன ஆகும்? காவல் போய்விடும், புது ஆண்கள் உள்ளே வரும், குட்டிகள் சாகும். ஒரு தோட்டாவுக்குப் பல உயிர். அந்தப் புது ஆணையும் அடுத்த ஆண்டு சுட்டால் மறுபடி முதலிலிருந்து. பெண் சிங்கங்கள் பெற்றுக்கொண்டே இருக்கும், ஒன்றும் தேறாது. ஏழு எட்டு வயதுக் கிழடைச் சுட்டால், அது பெரும்பாலும் தன் வேலையை முடித்திருக்கும். எப்படியும் சில மாதங்களில் துரத்தப்பட்டிருக்கும்.

இதைக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள் கேரில் விட்மன், கிரெய்க் பேக்கர் என்ற சிங்க ஆய்வாளர்களின் குழுவினர். தான்சானியாவின் செரங்கெட்டி புல்வெளியில் 1966 முதல் ஆய்வாளர்கள் ஒவ்வொரு சிங்கத்தையும் முகம் பார்த்து அடையாளம் கண்டு பதிவு செய்துவருகிறார்கள். அந்தத் தரவைத்தான் விட்மன் குழு பயன்படுத்தியது. 2004இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த முடிவு வேட்டைக்காரர்களையே ஆச்சரியப்படுத்தியிருக்கும்: ஐந்தாறு வயதைக் கடந்த ஆண்களை மட்டும் சுட்டால், மொத்த எண்ணிக்கையில் பெரிய பாதிப்பில்லை. இளசுகளைத் தொட்டால் கூட்டமே சரியும். ஆறு வயதுக்குக் குறைந்த ஆணைச் சுடக் கூடாது என்ற ‘ஆறு வயது விதி’ பிறந்தது இங்கேதான்.

சரி, ஆறு வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிடரியைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். நாலைந்து வயதிலேயே பிடரி அடர்ந்து கம்பீரமாகிவிடும். வெப்பமான இடங்களிலோ கிழச் சிங்கத்துக்குக்கூட வெளிறிய, குட்டையான பிடரிதான் இருக்கும். வேட்டைக்காரர் ஆசைப்படும் அழகு, சிங்கம் குட்டிகளைக் கரைசேர்ப்பதற்கு முன்னாடியே வந்துவிடுகிறது. சிக்கலின் வேரே இதுதான் என்பேன்.

அதே ஆய்வு காட்டிய அடையாளம் மூக்கு நுனி. இளஞ்சிங்கத்தின் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும். வயது ஏற ஏற அதில் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் விழுந்து பரவும். நமக்குத் தலை வெளுப்பதற்கு நேர் எதிர். ஐந்து வயதை ஒட்டி மூக்கில் பாதி கறுத்திருக்கும். ஆனால் எல்லா ஊர்ச் சிங்கத்துக்கும் மூக்கு ஒரே வேகத்தில் கறுப்பதில்லை. ஓரிடத்து அளவுகோலை இன்னோரிடத்தில் அப்படியே வைக்க முடியாது. அதனால் முகத் தழும்புகள், பல்லின் மஞ்சள் நிறம், தேய்மானம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். மரத்தில் இறைச்சி கட்டி, மறைவில் உட்கார்ந்து, தொலைநோக்கியில் மூக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது வேட்டையின் முக்கால் வேலை. இப்படி இறைச்சி கட்டிச் சுடுவது வீரமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நின்று நிதானமாக மூக்கைப் பார்க்கும் வாய்ப்பு அதில்தான் கிடைக்கிறது.

சுட்ட பிறகு பரீட்சைத் தாள் திருத்துவதுபோல் மண்டையோட்டைப் பரிசோதிப்பார்கள். பல்லை எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருக்கும் கூழறை தெரியும். வயதாக ஆக அது குறுகும். வட மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்தில் இந்த முடிவுக்கு மதிப்பெண் உண்டு. கிழடைச் சுட்ட நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டுக் கோட்டா நிலைக்கும். இளசைச் சுட்டவருக்குக் குறையும். ஒன்றும் சுடாமல் திரும்பினால் தண்டனை கிடையாது. இது கெட்டிக்கார ஏற்பாடு. தான்சானியாவில் சிங்க வேட்டைக்கான பயணம் மூன்று வாரம் ஓடும். கடைசி நாள் மாலை, காசு கொட்டியவர் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்க, கறுத்த பிடரியும் பாதி சிவந்த மூக்குமாக ஒரு சிங்கம் வந்து நிற்கிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு வழிகாட்டிக்கு வர வேண்டுமென்றால், அந்தச் சொல்லால் அவர் நிறுவனத்துக்கு நஷ்டம் வரக்கூடாது.

வயது விதி மட்டும் போதுமா? போதாது. எவ்வளவு பரப்புக்கு ஒரு சிங்கம் என்ற உச்சவரம்பும் வேண்டும். தான்சானியாவின் வேட்டைப் பதிவுகளை ஆராய்ந்த பேக்கர் குழு 2011இல் சொன்ன அளவு: பெரும்பாலான இடங்களில் 2,000 சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது.

வரம்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்பாப்வேயின் ஹுவாங்கே தேசியப் பூங்கா சாட்சி. பூங்காவுக்குள் வேட்டை கிடையாது. எல்லையைச் சுற்றி வேட்டை நிலங்கள். 1999 முதல் 2004 வரை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 62 சிங்கங்களுக்கு அடையாளமிட்டுக் கவனித்தார்கள். அவற்றுள் வளர்ந்த ஆண்களில் 72 சதவீதத்தை எல்லைக்கு வெளியே வேட்டைக்காரர்கள் சுட்டிருந்தார்கள். எல்லையோரக் கூட்டத்தில் ஆண் செத்தால் அந்த இடம் காலி. உள்ளிருந்து இன்னொன்று வந்து நிற்கும், அதுவும் சாகும். தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதுபோல, பூங்காவின் நடுவிலுள்ள சிங்கங்கள் எல்லையை நோக்கி இழுக்கப்பட்டன.

2015 ஜூலையில் செசில் என்ற புகழ்பெற்ற ஆண் சிங்கம் செத்தது இதே ஹுவாங்கே எல்லையில்தான். அமெரிக்கப் பல் மருத்துவர் ஒருவர் அம்பால் அடித்தார், உலகமே கொதித்தது. அந்த நிலத்துக்குச் சிங்கக் கோட்டாவே இல்லை என்றார்கள் அதிகாரிகள். ஆனால் வயதை மட்டும் வைத்துப் பார்த்தால், பன்னிரண்டு வயதைக் கடந்த செசில் விதிக்குள் நன்றாகவே அடங்கும். அதன் குட்டிகளும் காவலின்றிப் போகவில்லை. கூட்டணியில் இருந்த ஜெரிக்கோ என்ற ஆண் காவலுக்கு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து செசிலின் மகன் ஸாண்டா சுடப்பட்டது. அதற்கு ஆறு வயது, விதிப்படி சரி. ஆனால் அதற்குச் சின்னக் குட்டிகள் இருந்தன. ஆறு என்பது சராசரிக் கணக்கு. தாமதமாகக் கூட்டத்தைப் பிடித்த சிங்கத்துக்கு அது பொருந்தாது.

இவ்வளவு சிக்கல் இருந்தும் ஏன் நிறுத்தவில்லை? நிலம்தான் காரணம். சகாராவுக்குத் தெற்கே சுமார் 14 லட்சம் சதுர கிலோமீட்டர் வேட்டைக்காக விடப்பட்டிருப்பதாக 2007இல் கணக்கிட்டார்கள். அங்கிருந்த தேசியப் பூங்காக்களின் பரப்பைவிட அது அதிகம். அதில் பெரும்பகுதி, நோய் பரப்பும் செட்சி ஈ கடிக்கும், சாலையில்லாத புதர்க்காடு. கேமராவோடு சுற்றுலா வருகிறவர் எட்டிப்பார்க்க மாட்டார். வேட்டைப் பணம் நின்றால் அங்கே மாடும் சோளமும் வரும், சிங்கத்துக்கு விஷம் வைப்பார்கள் என்பது ஒரு வாதம். நான் இதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: மாட்டைச் சிங்கத்துக்குப் பறிகொடுக்கும் கிராமத்துக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். பல இடங்களில் அது தலைநகரிலேயே தங்கிவிடுகிறது.

இன்னொரு வகை வேட்டையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் பண்ணையில் வளர்த்த சிங்கங்களை வேலிக்குள் விட்டுச் சுடுவது. காட்டுச் சிங்கத்தின் எண்ணிக்கை இதனால் நேரடியாகக் குறையாது. வெறும் கணக்காகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அதைக் கேவலம் என்று சொல்கிறவர்களில் வேட்டைக்காரர்களே நிறையப் பேர். இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக 2021இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அங்கே யாரும் மறைவில் உட்கார்ந்து மூக்கைப் பார்க்க வேண்டியதில்லை. எந்த ஆண்டு பிறந்தது என்று பண்ணைக்காரருக்கே தெரியும்.