பகலில் எரியும் டியூப்லைட்

திருச்சிப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். காலை 11 மணி. நல்ல வெயில். ஹாலில் 3 டியூப்லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. வீட்டுக்காரப் பெரியவருக்கு 68 வயது. "பழைய வீட்ல இவ்வளவு பெரிய ஜன்னலே கிடையாது தம்பி. ஆனா பகல்ல லைட் போட்டதில்ல" என்றார்.

மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதன்மேல் கனமான திரை. திரையை விலக்கினேன். கண்ணாடி முன் சோபாவில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் முகம் அப்படியே இருண்டுவிட்டது.

வெளிச்சம் போதாததால் வந்த பிரச்சினை இல்லை இது. எல்லா வெளிச்சமும் ஒரே இடத்தில் குவிந்ததால் வந்தது. வெட்டவெளியில் உச்சிவெயில் 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை போகும்; படிப்பதற்கு 300 லக்ஸ் இருந்தால் போதும். கண்ணாடிக்கு வெளியே பளபளக்கும் வானத்துக்குக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் மற்ற மூன்று சுவர்களும் இருட்டாகத் தெரிகின்றன. வயதானவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். 20 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் சேரும். கண் கூசுவதும் அப்போது அதிகம்.

பெரியவரின் பழைய வீட்டில் முற்றம் இருந்தது. முற்றத்து ஒளி மேலிருந்து தரையில் விழுந்து, சுண்ணாம்புச் சுவரில் பட்டு, மெதுவாகத் தாழ்வாரத்துக்குள் வரும். நம் கண்ணுக்கு நேராக வராது. செட்டிநாட்டு வீடுகளில் நடு மத்தியானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அந்த இதம் புரியும்.

முற்றம் வைக்க எல்லோருக்கும் இடம் இருக்காது, சரி. ஆனால் சுவரில் ஜன்னலுக்கு மேலே வைக்கும் சின்னத் திறப்பான வென்டிலேட்டரை ஏன் விட்டுவிட்டோம்? ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே போகும். ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் என்ற குறுக்குவிட்டம் 7 அடி உயரத்தில் என்றால் சுமார் 15 அடி. அதற்கு மேலே ஒரு வென்டிலேட்டர் இருந்தால் அறையின் கடைசி மூலைக்கும் வெளிச்சம் எட்டும். ஏசி வந்ததும் முதலில் அடைத்தது இதைத்தான். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

மேற்கு வெயில் இன்னொரு சிக்கல். தெற்குச் சுவரில் உச்சிவெயிலை இரண்டடி சன்ஷேடு பெரும்பாலும் தடுத்துவிடும். மாலை வெயில் சாய்ந்து வந்து அதற்கு அடியிலேயே புகுந்துவிடும். அதற்கு ஜாலிச் சுவரோ (ஓட்டை ஓட்டையாக விட்டுக் கட்டுவது) மரமோதான் சரி.

அந்த வீட்டில் கண்ணாடிக்கு வெளியே சுடுமண் ஜாலி கட்டினோம். கிழக்குச் சுவரில் லிண்டலுக்கு மேல் இரண்டு வென்டிலேட்டர் திறந்தோம். அடர் பழுப்பில் இருந்த பக்கச் சுவருக்கு வெள்ளை அடித்தோம். இந்தக் கடைசி வேலைக்கு ஆன செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், கூரை கான்கிரீட்டைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்ததும் காலை 9 மணிக்கு ஒரு தடவை, மாலை 4 மணிக்கு ஒரு தடவை போய், சோபா வரப்போகும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். எதிரில் ஒருவரை உட்காரச் சொல்லி, அவர் முகம் தெரிகிறதா என்று கவனியுங்கள். அப்புறம் மாடிப்படியில் ஏறி இறங்குங்கள். படியின் விளிம்பு தெரியாவிட்டால் பூச்சு வேலைக்கு முன்பே அங்கே ஒரு திறப்பு கேளுங்கள்.