'யூஸ்ட் டு'ல அந்த 'யூஸ்' எங்க போச்சு?

வாசகர் ஒருத்தர் ரெண்டு கேள்விய ஒண்ணா கட்டி அனுப்பியிருந்தார். "யூஸ்னா உபயோகிக்கறதுதானே, அப்புறம் 'ஐ யூஸ்ட் டு ஸ்விம்'னா முன்னாடியெல்லாம் நீந்துவேன்னு எப்படி அர்த்தம் வருது, அங்க யாரு எத உபயோகிச்சா? அதே எடத்துல 'வுட்' போடலாம்ங்கறாங்க, ஆனா 'ஐ வுட் லிவ் தேர்'னு எழுதினா மட்டும் செவப்பு மையில அடிச்சிடறாங்க, ஏன்?" ரெண்டு வரியில ரூல் சொல்லி அனுப்பிடலாம், எந்த கிராமர் புக்கைத் திறந்தாலும் அந்த ரூல் இருக்கு. ஆனா ரூலுக்குப் பின்னாடி இருக்கற சமாச்சாரம் ரூல விட பத்து மடங்கு சுவாரசியம், அதுவும் தொண்டைக்குள்ள நடக்கற ஒரு வேலை இருக்கே, அதச் சொல்லாம விட எனக்கு மனசு வராது.

அடிப்படைய வேகமா தாண்டிடுவோம். 'ஷி சாங்'னு சொன்னா அன்னிக்கு ஒரு தடவ பாடினாளா, அந்தக் காலத்துல தினமும் பாடுவாளான்னு தெரியாது, சிம்பிள் பாஸ்ட் ரெண்டுக்கும் பொது. பழக்கம்னு வினையிலயே காட்டணும்னா 'யூஸ்ட் டு' இல்ல 'வுட்'. இதுல யூஸ்ட் டு பழக்கத்துக்கும் வரும், நிலைக்கும் வரும், அதாவது நீந்தறதுக்கும் வரும், ஒருத்தரத் தெரிஞ்சிருக்கறதுக்கும் வரும். வுட் பழக்கத்துக்கு மட்டும்னு புக் சொல்லும், அது முழு உண்மை இல்ல, அப்புறம் வர்றேன். கணக்கு முடிஞ்ச விஷயத்துக்கு யூஸ்ட் டு ஒட்டாது, 'மொத்தம் மூணு தடவ போனேன்'னா சும்மா 'வென்ட்' போதும், 'வாரத்துக்கு மூணு தடவ'ன்னா யூஸ்ட் டு போடலாம். 'ஐ ஆம் யூஸ்ட் டு ஸ்விம்மிங்', அதாவது எனக்குப் பழகிப்போச்சுங்கறது வேற ஆளு, அத இங்க இழுக்கல.

இப்ப அந்த 'யூஸ்'. லத்தீன்ல 'ஊசுஸ்'னு ஒரு சொல், அதுக்கு உபயோகம்னும் அர்த்தம், வழக்கம்னும் அர்த்தம். பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வரும்போது ரெண்டு அர்த்தத்தையும் கூட்டிக்கிட்டுதான் வந்துச்சு. நம்பலன்னா அதோட சொந்தக்காரன் 'யூஷுவல்'ல பாருங்க, அதுல உபயோகம் எங்க இருக்கு, வெறும் வழக்கம்தான். ஆக ஒரு காலத்துல 'யூஸ்'னா 'வழக்கமா செய்யறது'ன்னு ஒரு சாதாரண வினை, எல்லா வினையும் மாதிரி அதுக்கு நிகழ்காலமும் இருந்துச்சு. 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல 119ஆம் சங்கீதம் 132ஆம் வசனத்த எடுத்துப் பாத்தா, உன் பேர நேசிக்கறவங்களுக்கு நீ வழக்கமா செய்யற மாதிரி எனக்கும் இரக்கம் காட்டுன்னு வேண்டற எடத்துல 'யூசெஸ்ட் டு டூ'ன்னு சுத்தமான நிகழ்காலம் இருக்கு. இன்னிக்கு அப்படி யாராவது பேசினா ஒரு மாதிரி பாப்பாங்க. நிகழ்காலம் செத்துப்போச்சு, இறந்தகாலம் மட்டும் உயிரோட இருக்கு, பேருக்கு நேர் எதிர் வேலை.

இப்படி முழு வினை ஒண்ணு தன்னோட அர்த்தத்த எழந்து இன்னொரு வினைக்கு வேலைக்காரனா மாறறதுக்கு பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே 1912லயே ஒரு பேரு வச்சாரு, தமிழ்ல இலக்கணமாதல்னு சொல்லிக்கலாம். பெரிய வார்த்தையா இருக்கேன்னு பயப்படாதீங்க, நீங்க தெனமும் பண்றதுதான். 'வந்துக்கிட்டிருக்கான்'ல அந்த 'கிட்டு' யாரு? 'கொண்டு', கொள்றதுலேர்ந்து வந்தது. யாராவது எதையாவது கொள்றாங்களா? 'சாப்டுட்டான்'ல ஒரு 'விட்டான்' ஒளிஞ்சிருக்கு, எதையும் விடல, உள்ள தள்ளிட்டான். அர்த்தம் போகப்போக சத்தமும் தேயுது பாருங்க, 'கொண்டிருக்கிறான்' தேஞ்சு 'ட்ருக்கான்' வரைக்கும் வந்தாச்சு. அர்த்தத் தேய்மானமும் சத்தத் தேய்மானமும் சேந்தே நடக்கும், இங்கிலீஷ்ல இது எங்க நடந்துச்சுன்னு தேடினா நேரா தொண்டைக்குப் போகணும்.

தொண்டையில குரல்நாண்னு ரெண்டு மடிப்பு. அது ஒண்ண ஒண்ணு நெருங்கி நின்னா நுரையீரல் காத்து அத அதிர வைக்கும், ஆம்பளைங்களுக்கு நொடிக்கு சுமாரா 100லேர்ந்து 150 தடவ, பொம்பளைங்களுக்கு 200 பக்கம். வெலகி நின்னா அதிர்வு இல்ல, வெறும் காத்து. குரல்வளை மேல விரல வச்சுக்கிட்டு பாம்பு சீறற மாதிரி 'ஸ்ஸ்ஸ்' சொல்லுங்க, ஒண்ணும் தெரியாது. வாய் அப்படியே இருக்கட்டும், வண்டு ரீங்காரம் மாதிரி ஆக்குங்க, விரல்ல கிர்ருன்னு தெரியும். நாக்கும் பல்லும் ஒரே எடத்துல, வித்தியாசம் அந்த அதிர்வு மட்டும்தான். தமிழ் எழுத்துல இது ரெண்டையும் பிரிக்க வழியில்ல, அதனால அதிர்ற சத்தத்த இங்க 'ஃஸ்'னு எழுதிக்கறேன், பொறுத்துக்குங்க.

உபயோகிச்சேன்னு சொல்றப்ப இங்கிலீஷ்காரன் சொல்றது 'யூஃஸ்ட்', அதிர்வோட. முன்னாடியெல்லாம் செய்வேன்னு சொல்றப்ப 'யூஸ்ட்டு', அதிர்வு காலி. காரணம் பின்னாடி வர்ற 'டு'. அந்த 'ட்' அதிராத சத்தம், அதுக்காகக் குரல்நாண் வெலகியாகணும், வாய் வேகமா போறப்ப இந்த வெலகல் ஒரு அடி முன்னாடியே ஆரம்பிச்சிருது, நடுவுல, 'யூஸ்ட்' முடிவுல இருந்த டி சத்தம் டு-வோட கரைஞ்சிருது, அதுக்கும் முன்னாடி நின்ன 'ஃஸ்' அதிர்வு போயி 'ஸ்' ஆகிருது. அதோட முடியல, இங்கிலீஷ்ல அதிராத மெய்க்கு முன்னாடி நிக்கற உயிர் கொஞ்சம் குறுகும், அதனால அந்த 'யூ'வும் நீளம் குறைஞ்சிருது. ஒரு சின்ன 'ட்' பின்னாடியிருந்துக்கிட்டு முன்னாடி இருக்கற எல்லாத்தையும் மாத்திருச்சு.

சரி, இதுல என்ன அதிசயம், பக்கத்துப் பக்கத்துல சத்தம் வந்தா ஒட்டத்தானே செய்யும்னு கேக்கலாம். அங்கதான் விஷயம். 'ரெஃப்யூஃஸ்ட் டு', மறுத்தான்ங்கறது, அதுலயும் அச்சா அதே வரிசைதான், ஃஸ், டி, டு, அதுக்கு முன்னாடி அதே யூ. ஆனா அங்க யாரும் 'ரெஃப்யூஸ்ட்டு'ன்னு சொல்றதில்ல, அதிர்வு அப்படியே நிக்குது. அப்ப ஒட்டல் வெறும் சத்தத்தால நடக்கல. 'ரெஃப்யூஃஸ்ட்'ம் 'டு'வும் மூளையில ரெண்டு வார்த்தை, அதுக்கு நடுவுல ஒரு எல்லைக்கோடு இருக்கு, 'யூஸ்ட்டு'ல அந்தக் கோடு அழிஞ்சு போயி ஒரே வார்த்தையா பதிஞ்சிருச்சு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்ட காதால கேட்டுரலாம்!

இன்னும் கச்சிதமான சோதனை ஒண்ணு. 'த நைஃப் ஐ யூஃஸ்ட் டு கட் இட்', அத வெட்ட நான் உபயோகிச்ச கத்தி. 'ஐ யூஸ்ட் டு கட் இட்', நான் அத வெட்டறது வழக்கம். எழுத்துல பாத்தா 'ஐ'லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு எழுத்து மாறல, காதுல வேற வேற. 'ஹேவ் டு'வும் இதே கேஸ், செஞ்சே ஆகணும்னா 'ஹேஃப்டு' ஆகிருது, கையில இருக்குன்னா அந்த வி அப்படியே இருக்கும். 'சப்போஸ்ட் டு'வும் அப்படித்தான். அடிக்கடி சொல்ற சொற்கூட்டம்தான் இப்படி சீக்கிரம் தேயும்னு ஜோன் பைபி மாதிரி மொழியியலாளர்கள் விரிவா எழுதியிருக்காங்க.

டி சத்தம் கரைஞ்சதால வந்த தலைவலிதான் எழுத்துப்பிழை. 'யூஸ் டு'வா 'யூஸ்ட் டு'வா, காதுக்கு ரெண்டும் ஒண்ணு, அதனால இங்கிலீஷ தாய்மொழியா பேசறவனே தப்பா எழுதுவான். கேள்வியிலயும் மறுப்புலயும் 'டிட்' வரும், அதுலயே இறந்தகாலம் வந்துட்டதால அதுக்குப் பின்னாடி டி இல்லாம எழுதறதுதான் புக் வழி, டி போட்டு எழுதறவங்களும் நெறைய, பரீட்சைன்னா போடாதீங்க.

இந்த எடத்துல ஒரு பொலம்பல். நாப்பது ரூல மனப்பாடம் பண்ணா இங்கிலீஷ் வந்துரும்ங்கற மூடநம்பிக்கை நம்மகிட்ட நல்லா வேர் விட்டுருச்சு, தாயத்து கட்டறதுக்கும் இதுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியல. ரூல்ங்கறது யாரோ உக்காந்து போட்ட சட்டம் இல்ல, நானூறு ஐநூறு வருஷம் ஜனங்க பேசிப் பேசி விட்டுப்போன தடம். அந்தத் தடத்த எடுக்கணும்னா வயசானவங்க பேச்ச, சின்னப் பசங்க பேச்ச, ஊர் ஊரா வருஷக்கணக்கா பதிவு பண்ணணும், அதுக்குக் காசு கேட்டா 'இதனால என்ன பிரயோஜனம்'ங்கற கேள்விதான் மொதல்ல வரும். 'கிட்டு' எப்ப எங்க 'ட்ருக்கு' ஆச்சுன்னு கேட்டா எடுத்துக் காட்டறதுக்குப் பழைய பேச்சுப் பதிவு வேணும், அந்தப் பேச்சு போனா போனதுதான், திரும்ப வராது.

சரி, 'வழக்கமா செய்யறது'ங்கற அந்த 'யூஸ்'ஸோட நிகழ்காலம் ஏன் செத்துச்சு? சிம்பிள் பிரசென்டே இங்கிலீஷ்ல பழக்கத்த காட்டிருது, 'ஐ ஸ்விம்'னாலே வழக்கமா நீந்துவேன்னுதான் அர்த்தம், இப்ப நீந்தறேன்னா 'ஐ ஆம் ஸ்விம்மிங்'. அப்புறம் எதுக்கு இன்னொரு ஆளு. ஆனா நம்ம ஊர் இங்கிலீஷ்ல 'ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ் எவ்ரி டே'ன்னு இன்னிக்கும் நடக்கற பழக்கத்துக்கே சொல்லுவோம், கேக்கற வெளிநாட்டுக்காரன் ஓ இப்பல்லாம் லேட்டா எழுந்திரிக்கறார் போலன்னு நெனச்சுப்பான். அவன் அப்படி நெனைக்கறதும் இலக்கணத்துல இருந்து வர்றதில்ல. பால் கிரைஸ்ங்கற தத்துவவாதி காட்டின வழி, சொன்ன வார்த்தைல இல்லாத ஆனா கேக்கறவன் ஊகிச்சுக்கற அர்த்தம், அத பின்னாடியே ரத்து பண்ணிரலாம். 'ஹி யூஸ்ட் டு ப்ளே வெல், அண்ட் ஹி ஸ்டில் டஸ்'னு சொன்னா வாக்கியம் ஒடையாது. இப்ப இல்லங்கறது வார்த்தைக்குள்ளயே இருந்திருந்தா ஒடைஞ்சிருக்கும்.

இப்ப வுட். இது 'வில்'லோட இறந்தகாலம், வில்லுங்கறது பழைய இங்கிலீஷ்ல விரும்பறது. விருப்பம்லேர்ந்து எதிர்காலத்துக்குப் போச்சு, அது எல்லாருக்கும் தெரியும், ஆனா 'ஆயில் வில் ஃப்ளோட் ஆன் வாட்டர்'ல எதிர்காலம் எங்க? எண்ணெய் தண்ணியில மிதக்கும், எப்பவும் மிதக்கும். தமிழ்லயும் பாருங்க, 'மிதக்கும்', எதிர்கால உருவம்! மூணு காலத்துக்கும் பொதுவான இயல்ப 'செய்யும்'ங்கற வாய்பாட்டுல சொல்லணும்னு தொல்காப்பியம் வினையியல்லயே இருக்கு. சம்பந்தமே இல்லாத ரெண்டு மொழி ஒரே வழியில போகுதுன்னா அதுல ஒரு காரணம் இருக்கணும், காரணம் இதுதான்: பழக்கம்னா முன்கூட்டியே சொல்லக்கூடியது. இனிமே நடக்கப்போறதச் சொல்ற உருவமே 'எப்ப பாத்தாலும் இப்படித்தான் நடக்கும்'ங்கறதுக்கும் பொருந்துது. அதையே பழைய காலத்துக்குத் தள்ளினா தமிழ்ல 'அப்பல்லாம் தெனமும் வருவார்', இங்கிலீஷ்ல 'ஹி வுட் கம் எவ்ரி டே'.

முன்கூட்டியே சொல்லணும்னா அது வந்து வந்து போகணும், ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தர்ப்பம் வேணும். குடியிருக்கறது வந்து வந்து போறதில்ல, ஒரே நீட்டு. அதனால 'ஐ வுட் லிவ் தேர்'ல வுட்டுக்கு மாட்டிக்க கொக்கி இல்ல, கேக்கறவன் மூளை அடுத்த அர்த்தத்துக்குத் தாவிரும், 'வாய்ப்பு கெடச்சா அங்க இருப்பேன்'. செவப்பு மைக்கு இதுதான் காரணம். செனோ வெண்ட்லர்ங்கற தத்துவவாதி 1957ல வினைகள நிலை, செயல்னு ஆரம்பிச்சு நாலு வகையா பிரிச்சாரு, புக்ல எல்லாம் 'நிலைக்கு வுட் வராது'ன்னு எழுதிக்கிட்டிருக்காங்க, ஆனா இதப் பாருங்க: 'வென் இட் ரெயின்ட், த ரோட் வுட் பி வெட்'. ஈரமா இருக்கறது நிலைதான், வுட் ஜம்முனு ஒக்காந்திருக்கு! மழை வர்ற ஒவ்வொரு தடவையும் சந்தர்ப்பம் கெடைக்குதே. ஆக வுட் பாக்கறது வினை என்ன சாதிங்கறத இல்ல, விஷயம் திரும்பத் திரும்ப வருதாங்கறத.

நாம இங்க சறுக்கறதுக்கு தமிழோட தாராளம்தான் காரணம்னு நெனைக்கறேன். 'முன்னாடி இங்க ஒரு மரம் இருக்கும்'னு நாம சாதாரணமா சொல்லுவோம், சந்தர்ப்பம் கிந்தர்ப்பம் ஒண்ணும் தேவையில்ல, 'இருக்கும்' நிலைக்கும் வரும். அத அப்படியே தூக்கி 'தேர் வுட் பி எ ட்ரீ'ன்னு வச்சா வேற அர்த்தம் ஆகிருது, அங்க 'தேர் யூஸ்ட் டு பி'தான்.

இன்னொண்ணு, வுட் தனியா கதைய ஆரம்பிக்காது. 'ஷி வுட் சிங்'னு திடீர்னு சொன்னா 'எப்ப, யாராவது கேட்டாலா?'ன்னு திருப்பிக் கேப்பான். மொதல்ல யூஸ்ட் டு வந்து இது பழைய கதைன்னு எடத்தப் போட்டுக் குடுக்கணும், அதுக்கப்புறம் வுட் வரிசையா வரலாம். 'வி யூஸ்ட் டு ப்ளே பை த ரிவர். வி வுட் ஸ்விம், வி வுட் ஃபைட், வி வுட் கோ ஹோம் வெட்.' நாலு வாக்கியத்துக்கும் யூஸ்ட் டு போட்டாலும் தப்பில்ல, கேக்கறவனுக்குத்தான் அலுத்துப்போகும்.